எம் குழந்தைகளின் தோலில் நோய்க்குறிகளை அறிவது எப்படி?



பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும் நாம் எடுத்துப் பார்க்கும் ஆங்கிலக் கையேடுகளில் "சிவந்த தடிப்பு", "வெளிறிய முகம்", "நீலம் பாரித்த உதடு" என்று எழுதியிருக்கும். பக்கத்திலுள்ள படங்களில் இருப்பவர்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலுடைய குழந்தைகளே. எம் பிள்ளைகளின் மாநிறமான, கறுப்பான தோலில் அதே சிவப்பு ஊதாவாகவோ, கபிலமாகவோ, சுற்றியுள்ள தோலைவிடச் சற்று இருண்டதாகவோ தெரியலாம். சில வேளை கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். "சிவக்கவில்லைத்தானே, நாளைக்குப் பார்ப்போம்" என்று காத்திருக்கும் சில மணித்தியாலங்கள் பெரும் ஆபத்தாக முடியக்கூடும்.

இது பெற்றோருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. வைத்தியர்கள் கற்ற பாடநூல்களிலும் இதே குறை இருந்தது. இலண்டன் சென் ஜோர்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வென்டே, தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து 2020ஆம் ஆண்டில் கறுப்பு, கபில நிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தோன்றும் என்று காட்டும் ஒரு கைந்நூலை வெளியிட்டார். புதிதாகப் பிறந்த குழந்தைகளை நிறத்தைக் கொண்டு மதிப்பிடும் முறைகள் வெள்ளையர் அல்லாத குழந்தைகளுக்குப் போதுமானவை அல்ல என்பது 2023இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வறிக்கையிலும் சுட்டிக் காட்டப்பட்டது. ஆகவே எம் பிள்ளைகளின் தோலை நன்கு அறிந்த நாமே முதற் காவலர்களாக இருக்க வேண்டும்.

1. சுகமாக இருக்கும்போதே பார்த்துப் பழகுவோம்

உடலில் நிறம் குறைந்த சில இடங்கள் எல்லோருக்கும் உண்டு. கீழ் இமையின் உட்புறம், முரசு, நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடிப்பகுதி என்பனவே அவை. பிள்ளை சுகமாக இருக்கும் ஒரு நாளில், பகல் வெளிச்சத்தில், யன்னல் அருகே வைத்து இவற்றைப் பாருங்கள். வீட்டு மின்குமிழின் மஞ்சள் ஒளி ஏமாற்றும். வழக்கமான நிறம் மனதிற் பதிந்திருந்தால், மாறும்போது உடனே தெரியும். தோலைக் கையால் தடவிப் பார்ப்பதும் முக்கியம். கண்ணுக்குத் தெரியாத தடிப்பு விரலுக்குத் தெரியும்.

2. பிறந்த குழந்தையின் செங்கண்மாரி

பிறந்த பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஆறு பேருக்குச் செங்கண்மாரி தோன்றுகிறது. வழக்கமாக இரண்டாம் நாளளவில் தொடங்கி இரண்டு கிழமைக்குள் தானாகவே மாறிவிடும். ஆயினும் குருதியில் பிலிருபின் என்னும் பொருள் அளவு மீறினால் மூளையையும் செவிப்புலனையும் நிரந்தரமாகப் பாதிக்கும். மாநிறக் குழந்தையில் முகத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது. கண்ணின் வெண்மை, முரசு, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றைப் பாருங்கள்.

பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கிக் கொண்டே இருந்தாலோ அன்றே உதவி பெற வேண்டும். இரண்டு கிழமை கடந்தும் மஞ்சள் நீடித்தாலும், சிறுநீர் கடும் மஞ்சளாகவும் மலம் வெளிறிச் சுண்ணாம்பு போலவும் போனாலும் கட்டாயம் காட்டுங்கள். அது ஈரல் சம்பந்தமான நோயாக இருக்கலாம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டும் வழக்கம் உள்ள வீடுகளில் இந்த நாட்களில் அதைத் தவிர்ப்பது நன்று. பூசிய மஞ்சள் எது, நோயின் மஞ்சள் எது என்று தெரியாமற் போகும். இளவெயிலில் கிடத்துவதும் சிகிச்சைக்கு ஈடாகாது. மருத்துவமாதிடம் "கருவியால் அளந்து பாருங்கள்" என்று கேட்பதில் தவறில்லை.

3. மூளையுறைக் காய்ச்சலும் கண்ணாடிச் சோதனையும்

மெனிஞ்சைற்றிஸ் எனப்படும் மூளையுறைக் காய்ச்சலும், அதனுடன் வரக்கூடிய குருதி நஞ்சாதலும் மிக விரைவாக முற்றுபவை. இதன்போது தோன்றும் புள்ளிகள் அழுத்தினாலும் மறைவதில்லை. தெளிவான கண்ணாடிக் குவளையின் பக்கத்தைத் தோலின் மீது அழுத்திப் பாருங்கள். கண்ணாடியூடாகப் புள்ளி மறையாமல் தெரிந்தால் உடனே 999ஐ அழையுங்கள். எம் பிள்ளைகளில் இப்புள்ளிகளை உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு, கண் இமையின் உட்புறம், மேலண்ணம் ஆகிய இடங்களில் தேட வேண்டும்.

ஆனால் புள்ளி வரும்வரை காத்திருக்கவே கூடாது. அது கடைசியில் வரலாம், வராமலும் போகலாம். காய்ச்சலுடன் சத்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, குளிர்ந்த கை கால், எழுப்ப முடியாத தூக்கம், வழக்கத்துக்கு மாறான கீச்சிட்ட அழுகை, கைக்குழந்தையில் உச்சிக்குழி புடைத்திருத்தல் ஆகியவற்றைக் கண்டால் போதும். இவற்றுள் எதற்கும் தோலின் நிறம் தேவையில்லை.

4. சின்னமுத்து, கொப்பளிப்பான், செங்காய்ச்சல்

சின்னமுத்து (தட்டம்மை) முதலில் தடிமன், இருமல், காய்ச்சல், கண்ணீர் வடியும் கண்கள் என்று சாதாரணமாகவே தொடங்கும். கன்னத்தின் உட்புறத்தில் உப்புத்தூள் போன்ற சிறு வெண்புள்ளிகள் தோன்றலாம். சில நாளில் முகத்திலும் காதின் பின்புறத்திலும் தடிப்பு எழுந்து கீழ்நோக்கிப் பரவும். எம் தோலில் அது சிவப்பாகத் தெரியாவிடினும் தடவினால் தெரியும். இந்நோய் மிக எளிதில் தொற்றும் என்பதால், நேரே வைத்தியசாலைக்குப் போகாமல் முதலில் தொலைபேசியில் அறிவியுங்கள்.

செங்காய்ச்சலில் தோல் மரம் தேய்க்கும் சொரசொரப்பான தாளைத் தொட்டாற் போலிருக்கும். நாக்கு முதலில் வெண்படையாகி, பின் ஸ்ட்ரோபெரிப் பழம் போலச் சிவந்து புள்ளியிடும். தொண்டை நோவும் உண்டு. இதற்கு அன்ரிபயோட்டிக் மருந்து அவசியம்.

கொப்பளிப்பான் வந்தால் "அம்மாள் வந்திருக்கிறா" என்று வேப்பிலை வைத்துக் கும்பிடுவது எம் மரபு. அந்தப் பக்திக்கு எவரும் தடையில்லை. ஆனால் மருந்து கொடுக்கக் கூடாது என்று எண்ண வேண்டாம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் கொடுக்கலாம். வைத்தியர் சொல்லாமல் ஐபுபுரூபன் கொடுக்கக் கூடாது. 16 வயதுக்குட்பட்டோருக்கு அஸ்பிரின் அறவே ஆகாது. எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை பிள்ளையைப் பாடசாலைக்கோ ஆலயத்துக்கோ கொண்டுவராதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் இது ஆபத்தானது.

சின்னமுத்துத் தடுப்பூசியை இரு தடவையும் தவறாமல் ஏற்றுங்கள். 2026 ஜனவரியிலிருந்து இங்கே கொப்பளிப்பான் தடுப்பும் அதனுடன் சேர்க்கப்பட்டுள்ளது. சைவ உணவினர் ஜெலற்றின் கலவாத வகையைக் கேட்டுப் பெறலாம்.

5. மூச்சுத் திணறல்

ஒட்சிசன் குறையும்போது எம் பிள்ளைகளின் முகம் நீலமாகாது, சாம்பல் பூத்தாற் போலவே தோன்றலாம். நாக்கு, முரசு, உதட்டின் உட்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவுகருவி கருமையான தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் அறியப்பட்டுள்ளது. அதனால் சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பாருங்கள். விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுபடுதல், மூக்குத் துவாரம் விரிதல், மூச்சுடன் முனகல், பால் குடிக்க முடியாமை ஆகியன நிறம் சாராத அடையாளங்கள்.

6. நீல மச்சங்கள்

எம் குழந்தைகள் பலர் இடுப்பிலும் பின்புறத்திலும் நீலச் சாம்பல் நிற மச்சத்துடன் பிறக்கின்றனர். இதனால் ஒரு தீங்கும் இல்லை. பெரும்பாலும் நான்கு வயதளவில் மங்கிவிடும். ஆனால் அறியாதவர்கள் இதை அடிபட்ட காயம் என்று ஐயுறக்கூடும். பிறந்தவுடனேயே மருத்துவமாதிடமோ ஹெல்த் விசிட்டரிடமோ சொல்லி, பிள்ளையின் சிவப்புப் புத்தகத்தில் பதிவு செய்வித்துக் கொள்ளுங்கள். பின்னர் வரக்கூடிய வீண் விசாரணைகளைத் தவிர்க்க அந்த ஒரு வரி உதவும்.

7. வைத்தியரிடம் பேசுவது எப்படி?

எம்மவர் பலர் வைத்தியர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுகின்றனர். "இது என் பிள்ளையின் வழக்கமான நிறம் அல்ல", "தடவினால் தடிப்புத் தெரிகிறது", "நேற்று இப்படி இருக்கவில்லை" என்று நாமாகவே சொல்ல வேண்டும். மாற்றத்தைப் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள். ஆங்கிலம் தெரியாத பெரியோர் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது பொருத்தமன்று.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை செல்சியசும், மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 39 பாகையும் காய்ச்சல் காய்ந்தால் நேரம் பார்க்காமல் வைத்தியரையோ 111ஐயோ அழையுங்கள். திரும்பி வந்த பின் பிள்ளை மோசமானால், "இப்போதுதானே காட்டினோம்" என்று கூச்சப்படாமல் மறுபடியும் செல்லுங்கள்.

பகலில் பிள்ளையுடன் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அம்மம்மாவும் அப்பம்மாவுமே. ஆகவே இப்பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, தொலைபேசி அருகே ஒட்டி வையுங்கள். எம் குழந்தைச் செல்வங்கள் நோயின்றி வளர எல்லாம் வல்ல இறைவன் அருள் பாலிப்பாராக.