நூலும் செயலியும்

கேள்வி: மாம்பழக்கூழ் ஆலை நடத்துகிறேன். தலைமைக்கு உதவும் நூல் எது? ட்ரெல்லோ போன்ற செயலிகளால் பயனுண்டா? (வாசகர், சித்தூர்)

பதில்: இன்டெல் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஆண்டி குரோவ் 1983-இல் வெளியிட்ட ‘ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்’ என்னும் கிரந்தத்தை முதலில் வாசியுங்கள். அதில், முட்டை வேகும் நேரமே சிற்றுண்டி முழுவதற்கும் கால நிர்ணயம் செய்கிறதென்று அவர் விஸ்தாரமாக விளக்குவது, தோத்தாபுரி மாங்காய் பழுப்பதை எதிர்பார்த்து இயந்திரமும் தொழிலாளரும் காத்திருக்கும் தங்கள் ஆலைக்கு அப்படியே பொருந்தும். ட்ரெல்லோவின் அட்டைகள், எந்த லோடு எந்தக் கட்டத்தில் எவர் பொறுப்பில் நிற்கிறது என்பதைக் காட்டுமேயன்றி, அப்பொறுப்புக்கு யோக்கியர் எவரென்று சொல்லமாட்டா. அதற்குத் திருக்குறளின் தெரிந்துவினையாடல் அதிகாரம் இருக்கிறது. ஆளை ஆராய்ந்து தேர்ந்தபின் காரியத்தை அவரிடமே விட்டுவிடச் சொல்லும் அந்த உபதேசத்தை, மேஸ்திரியை நியமித்துவிட்டு மணிக்கொருதரம் வாட்ஸாப்பில் விசாரிக்கும் முதலாளிகள் (தாங்கள் அப்படியல்லர் என்றே நம்புகிறேன்) அவசியம் படிக்கவேண்டும். அட்டைகளைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். சித்தூரில் இரண்டும் வேண்டியிருக்கும்.