ஸ்கூட்டாரி கற்பித்த பாடம்

1854 நவம்பர் 4-ஆம் நாள், கான்ஸ்டான்டிநோபிளின் எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரிக்கு 38 செவிலியருடன் வந்து சேர்ந்தார் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கிரிமியாவில் பிரிட்டன் ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. காயமுற்றோரும் நோயுற்றோரும் கருங்கடலைக் கடந்து இங்கே கொண்டுவரப்பட்டனர். துருக்கியப் படையினரின் பெரிய பாசறைக் கட்டடமே மருத்துவமனை. தாழ்வாரங்களிலும் படுக்கைகள், எங்கும் ஈரம், துர்நாற்றம், பேன்.

1837-இல், பதினேழு வயது நிறையும் முன்பே, இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அம்மையார் எழுதி வைத்திருந்தார். செல்வக் குடும்பத்துப் பெண் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதா என்று வீட்டார் பல்லாண்டுகள் தடுத்தனர். அந்நாளில் இங்கிலாந்தில் செவிலிப் பணிக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

ஸ்கூட்டாரியில் அவர் சமையலறையைச் சீர்செய்தார்; துணி வெளுக்க ஏற்பாடு செய்தார்; இறந்த வீரர்களின் வீட்டாருக்குக் கடிதம் எழுதினார். இரவில் படுக்கைதோறும் சென்று பார்த்தார். ‘கைவிளக்கேந்திய காரிகை’ என உலகம் போற்றும் வடிவம் இதுவே.

ஆயினும் மரணம் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். இத்தனை பரிவு இருந்தும் ஏன்? கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. மார்ச் மாதம் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் அவற்றைத் தூய்மை செய்து, குடிநீரைக் காத்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசி, காற்றோட்டத்திற்கு வழிசெய்தனர். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது.

இதன் முழுப்பொருள் அம்மையாருக்கு அங்கே விளங்கவில்லை. போதிய உணவின்மையும், வீரர்கள் காலங்கடந்து கொண்டுவரப்பட்டதுமே காரணம் என எண்ணியிருந்தார். 1856-இல் தாயகம் திரும்பியபின், புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது. போர்க்காயங்களால் மாண்டவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டவர்களே மிகப் பலர். அவர் கண்ணெதிரே, அவர் பராமரிப்பிலேயே இறந்தவர்கள் அவர்கள்! நாடே கொண்டாடிய ஒருவருக்கு இதை ஏற்பது எளிதாக இருந்திருக்காது. மறைத்திருந்தால் கேட்பாரும் இல்லை. அவரோ 1858-இல் அக்கணக்கை வண்ண வரைபடமாகவே வெளியிட்டார்: தடுக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த சாவு நீலம், காயத்தால் நேர்ந்தது சிவப்பு. நீலமே பரந்து கிடந்தது. இத்தகைய கணக்குகளில் இறைவனின் நியதி வெளிப்படுகிறது என்பது அவரது நம்பிக்கை.

போர்க்காலத்திலேயே மக்கள் அவர் பெயரால் நிதி திரட்டியிருந்தனர். வீரர்கள் தங்கள் ஒருநாள் ஊதியத்தை அளித்தனர். அந்நிதியைக் கொண்டு 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பயிற்சி ஓராண்டு. தூய காற்று, தூய நீர், நோயாளியைக் கூர்ந்து நோக்குதல் ஆகியவை இனி பணிவிடையின் இணைப்புகள் அல்ல, பணிவிடையே அவைதாம். மாணவியரின் நேரந்தவறாமை, உண்மை பேசுதல், மதுவிலக்கு ஆகிய ஒழுக்கங்களும் மாதந்தோறும் ஏட்டில் பதிவாயின. கைராசியும் இரக்கமும் போதும் என்றிருந்த வேலை, கற்றுத் தேற வேண்டிய தொழிலாயிற்று.

அப்பள்ளியில் பயின்றவர்கள் பிற நாடுகளுக்கும் சென்றனர். 1868-இல் லூசி ஆஸ்பர்ன் ஐந்து செவிலியருடன் சிட்னி சென்றடைந்தார். நைட்டிங்கேல் அம்மையார் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. நோயுற்று, பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கியிருந்தார். அந்நிலையிலும் இந்தியப் படைமுகாம்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பி, அங்குள்ள குடிநீர், வடிகால் நிலையைக் கேட்டறிந்தார். இந்திய மருத்துவமனைகளில் செவிலிப் பணியை எவ்வாறு அமைக்கலாம் என்ற அவரது ஆலோசனைகள் 1865-இல் வெளிவந்தன.