ஒரே சில்லு, இரு விலை

கணிப்பொறியின் மூளை எனப்படும் நுண்செயலியை ஆக்குவோர், ஒரே அச்சில் பிறந்த சில்லுகளுக்கு வெவ்வேறு விலை வைப்பதுண்டு. இண்டெல் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட 486 செயலியில், தசமப் புள்ளிக் கணக்குகளை விரைந்து முடிக்கும் கணிதப் பகுதி உள்ளேயே அமைந்திருந்தது. 1991-இல் 486எஸ்எக்ஸ் என்னும் மலிவு வகை வந்தது. தொடக்கத்தில் வந்த அவ்வகைச் சில்லுகளிலும் அக்கணிதப் பகுதி இருந்தது. ஆயின் இயங்காவண்ணம் முடக்கப்பட்டிருந்தது.

கணிதத் திறன் வேண்டுவோர்க்கு 487எஸ்எக்ஸ் என்றொரு 'துணைச் செயலி' விற்கப்பட்டது. பெயர்தான் துணை! உண்மையில் அது முழுமையான 486 செயலியே. அதனைப் பொருத்தியதும் பழையது ஓய்ந்துவிடும். வேலை முழுவதையும் புதியதே ஏற்கும்.

சில்லுத் தொழிலில் பெருஞ்செலவு ஆலைக்கும் வடிவமைப்புக்குமே. மேலும் ஒரு சில்லை ஆக்கும் செலவு சிறிது. எனவே வசதியுள்ளவரிடம் மிகுதியும் அல்லாதவரிடம் குறைவும் பெற்றால், இரு சாராரும் வாங்குவர். இதனால் எளியோர்க்கும் பயனுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், சரக்கின் குறையை வாங்குவோரிடம் மறையாதுரைத்தல் இஸ்லாமிய வணிக நெறி. 2010-இல் இதே நிறுவனம் 50 டாலர் அட்டையொன்றை விற்று, ஒரு பென்டியம் செயலியில் பூட்டிவைத்த திறனை மென்பொருளால் திறந்துவிட்டது. பலர் சினந்தனர். நமக்கோ அது 487-ஐவிட நேர்மையானதாகவே படுகிறது. அங்கே பூட்டைப் பூட்டென்றே சொன்னார்கள். இங்கே முழுச் செயலிக்குத் துணை என்று பெயரிட்டார்கள்.