கடற்புல்லும் பிரென்ட் வாத்துக்களும்



சென்ற ஐப்பசியில் எமது தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை சவுத்தெண்டுக்கு அருகேயுள்ள லீ-ஒன்-சீ கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கடல் வற்றியிருந்த நேரம். சேற்றுத் தரை எங்கும் கறுப்பு வாத்துக்கள் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. நாயுடன் நடக்க வந்த முதியவர் ஒருவர், "இவை ரஷ்யாவிலிருந்து வருகின்றன. இங்கேயுள்ள புல்லைத் தின்று முடித்துவிட்டு விவசாயிகளின் கோதுமையில் இறங்கிவிடும்" என்றார். திரும்பி வரும்போது ரயிலில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று, "அங்கிள், இவ்வளவு பேர் வந்து சாப்பிட்டால் அந்தப் புல் முடிந்துபோகாதா?" என்று கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. அகதியாக வந்து குடியேறியவன் என்பதால் அந்தக் கேள்வி கொஞ்சம் சுட்டது என்பதையும் மறைக்கவில்லை. நூலகத்தில் தேடி வாசித்து அறிந்ததை இங்கே தருகிறேன்.

முதலில் அந்தப் புல்லைப் பற்றி. நம்மூர்க் கரையில் ஒதுங்குவதை வேறுபாடு பார்க்காமல் சாதாழை என்று சொல்லிவிடுவோம். ஆனால் கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. கடற்புல்லுக்கு வேர் உண்டு, பூ உண்டு, விதை உண்டு. சேற்றுக்குள் படர்ந்து ஓடும் தண்டும் உண்டு. அந்தத் தண்டில்தான் அது தன் உணவைச் சேமித்து வைக்கிறது. குஞ்சு மீன்களுக்கும் இறால்களுக்கும் கடற்புல் படுகை ஒளிந்து வளரும் வீடு. தேம்ஸ் முகத்துவாரத்தில், சிறப்பாக மாப்லின் மணற்பரப்பில், சொஸ்டேரா நோல்டி என்ற குட்டையான இனம் பரந்து வளர்கிறது. 1970களின் தொடக்கத்தில் இலண்டனின் மூன்றாவது விமான நிலையத்தை அங்கே கட்டத் திட்டமிட்டார்கள். 1974இல் அது கைவிடப்பட்டது. கட்டியிருந்தால் பிள்ளையின் கேள்விக்கு இடமே இருந்திராது.

இனி வாத்து. கருவயிற்றுப் பிரென்ட் வாத்து சைபீரியாவின் வடகோடியிலுள்ள தைமிர் குடாநாட்டில் குஞ்சு பொரிக்கிறது. சுமார் 4,000 கிலோமீற்றர் பறந்து புரட்டாதி, ஐப்பசியில் இங்கு வந்து சேர்கிறது. புல்லைச் செரிக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. ஆகவே கடல் வற்றிய நேரமெல்லாம் ஓயாமல் மேய வேண்டும். இலையோடு நிற்பதுமில்லை. நின்ற இடத்திலேயே காலால் மிதித்து மிதித்துச் சேற்றைக் கிளறி, குழி செய்து, உள்ளேயிருக்கும் தண்டையும் எடுத்துத் தின்கிறது.

கணக்காளன் என்ற முறையில் எனக்கு இங்கேதான் பயம் வந்தது. இலையைத் தின்றால் வட்டியைத் தின்றது போல. தண்டைத் தின்பது முதலில் கை வைப்பதல்லவா?

ஜேர்மனியின் வடகோடியிலுள்ள சில்ட் தீவின் கரையில் நாக்கன், ரைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, முடிவை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அங்கே மேய்வது இதே பிரென்ட் வாத்தும், விஜன் என்னும் ஒருவகைத் தாராவும். (இந்தத் தாராவைத் தமிழ்நாட்டில் நாமத்தலை வாத்து என்கிறார்கள். ஆணின் நெற்றியில் வெளிர்மஞ்சள் கோடு அப்படியே நாமம் இட்டதுபோல் இருக்கும்! மாரிகாலத்தில் மன்னாருக்கும் யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்கும் கூட்டம் கூட்டமாக வருவதும் இதே தாராதான்.) தின்றதும் கிளறியதுமாகப் பறவைகள் அந்த இலையுதிர்காலத்தில் அகற்றியது படுகையிலிருந்த புல்லில் 63 வீதம். இந்தத் தொகையோடு கணக்கை மூடியிருந்தால் முதியவர் சொன்னதே சரி என்றாகும்.

அவர்கள் கணக்கை மூடவில்லை. பறவை புகாதபடி சில இடங்களை அடைத்து வைத்து, அடுத்த கோடை வரை காத்திருந்தார்கள். மார்கழியில் அடைத்த இடத்தில் புல் கூடுதலாக இருந்தது, இது எதிர்பார்த்ததே. அடுத்த கோடையிலோ நிலைமை தலைகீழ். பறவை மேய்ந்த இடத்தில் புல் அடர்த்தி. காப்பாற்றி வைத்த இடத்தில் குறைவு!

அவர்கள் கருதும் காரணம் சேறு. இலைகள் நீரோட்டத்தைத் தணிப்பதால் படுகையில் சேறு படிந்துகொண்டே போகும். வாத்துக்கள் கிளறுவதால் அது கரைந்து அலையோடு போய்விடுகிறது. கிளறாவிட்டால் சேறு தேங்கி, அடுத்த பருவத்துத் தளிரை வருத்துகிறது. அத்துடன், இந்தக் குட்டைப் புல்லின் இலைகள் எப்படியும் மாரிப் புயலில் உதிர்பவை. வாத்து தின்பதில் பெரும்பங்கு புயல் எடுக்கவிருந்ததுதான்.

இதை எல்லா இடத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. கழிவுநீரிலும் வயல் உரத்திலும் பாசி பெருகி மூடி, ஏற்கெனவே மெலிந்துபோன படுகையில் தண்டும் போனால் மீள்வது கடினம். ஆனால் அங்கே முதற் குற்றவாளி வாத்து அல்ல.

பழைய வரலாறும் அதையே காட்டுகிறது. 1930களின் தொடக்கத்தில் ஒரு நோய் அத்திலாந்திக்கின் இரு கரைகளிலும் சொஸ்டேரா மரீனா என்ற பெரிய கடற்புல்லைப் பெரும்பாலும் அழித்தது. புல் போனதும் பிரென்ட் வாத்துக்கள் பட்டினியால் குறைந்தன. அமெரிக்கக் கரையில் எஞ்சியவை கடற்பாசியைத் தின்று உயிர் தப்பின. இந்தக் கருவயிற்று இனம் 1950களில் உலகிலேயே ஏறத்தாழ 15,000 தான் மிஞ்சியது. பிரித்தானியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சுடுவதைத் தடுத்தது. 1990களின் தொடக்கத்தில் எண்ணிக்கை இரண்டரை இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

கோதுமை விஷயத்தில் முதியவர் சொன்னது உண்மை. கடற்புல் தீர்ந்தபின், 1970கள் முதல் அவை வயல்களில் இறங்குகின்றன, விவசாயிக்கு நட்டந்தான். அது தனிக் கணக்கு.

பிள்ளைகளோடு போய்ப் பார்க்க விரும்புவோர் பென்சர்ச் வீதி நிலையத்தில் ரயிலேறி லீ-ஒன்-சீயில் இறங்கி, ரூ ட்ரீ தீவுக்கு நடந்து போகலாம். முன்பு குப்பை கொட்டிய அந்தத் தீவின் கிழக்குப் பாதி இன்று இயற்கைக் காப்பகம். ஐப்பசியே நல்ல காலம். கடல் வற்றும் நேரத்தை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் இறங்க வேண்டாம். பறவைகளைக் கலைக்காமல் அணைக்கட்டில் நின்றே பாருங்கள். கழுத்திலுள்ள சிறு வெள்ளைக் கீற்று எல்லாவற்றுக்கும் இருக்கிறதா, குஞ்சுகளுக்கும் உண்டா என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் விடை இரண்டு விதமாக வந்திருக்கிறது.