வழுவும் வேண்டுகோளும்

நன்னூல் கற்ற மாணவர்க்கு வழு என்னும் சொல் புதிதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களையும் இலக்கண வகுப்பிற் கேட்டிருப்பர். கணினி நிரலில் நேரும் பிழையையும் இன்று தமிழர் வழு என்றே வழங்குகின்றனர். மிகப் பொருத்தமான வழக்கு அது. இலக்கணத்தில் வழு, வழாநிலை என்னும் இரண்டுடன் வழுவமைதி என மூன்றாவதொன்றும் உண்டன்றோ? கணினித் துறையிலும் அம் மூன்றாவதே ஓயாத வாதங்களுக்கு இடமாகின்றது.

திறந்த மூல நிரல் என்பது, மூல வரிகளை எவரும் படிக்கவும் திருத்தவும் உரிமையளிப்பது. இவ்வகைத் தரவுத்தளக் கருவிகளுட் பலவற்றிற்கு ஒரு பொதுப் பதிவேடு உண்டு. பயன்படுத்துவோர் கண்ட வழுவையும், வேண்டும் புதிய வசதியையும் அதிற் பதிவர். ஒவ்வொன்றும் ஓர் எண் பெறும். தீர்ப்புக் கிடைக்கும்வரை திறந்தே கிடக்கும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 2005ஆம் ஆண்டு பதியப்பெற்ற 11472ஆம் எண் முறைப்பாடு பத்தாண்டுக்கு மேலாகத் தீராதிருந்தது. அயற்சாவியின் வழியே தொடர்ந்து நீக்கப்படும் வரிகளுக்குத் தூண்டி நிரல்கள் இயங்கா என்பதே அம் முறைப்பாடு. கருவியின் கைநூலிலும் அக் குறை வெளிப்படையாகக் கூறப்பட்டிருந்தது. வழுவமைதிக்கு இதனினும் நல்ல உதாரணம் யான் அறியேன்.

இத் துறையிற் கொழும்பு மாநகருக்கும் ஒரு பெருமை உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபின், காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் ஆகியவற்றைப் பதிவதற்கு இங்குள்ள தொண்டர்கள் சகன என்னும் திறந்த மூல நிரலை ஆக்கினர். சிங்களத்தில் அச் சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். லங்கா மென்பொருள் மன்றம் அதனைப் பேணி வளர்த்தது. 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அமைப்பின் சமூகப்பயன் விருதையும் பெற்றது. காணாமற் போனோர் பட்டியலில் ஒரு பெயர் தேடியும் அகப்படாவிடின் அதன் விளைவு யாதாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அத்துணைப் பெரிதன்றாயினும், எனக்கும் அத்தகையதோர் அனுபவம் நேர்ந்தது. வெள்ளவத்தையிற் கூடும் சிறு சங்கமொன்றின் அங்கத்தினர் பதிவை யான் பேணிவருகின்றேன். ஊர்வாரியாகத் தேடி அழைப்பு விடுப்பது வழக்கம். கொட்டாஞ்சேனையில் வாழும் முதியவர் ஒருவர் இரண்டாண்டுகள் அழைப்பின்றி இருந்துவிட்டு, ஒருநாள் கோயில் வீதியில் என்னைக் கண்டு, "தம்பி, என்னை மறந்துவிட்டீர்களோ?" என்றார். அவர் பெயர் பதிவில் இருந்தது, ஊரும் இருந்தது. தேடியபோது மட்டும் வரவில்லை.

"தேடல் பிழை, திருத்துக" என்று அக் கருவியின் பதிவேட்டில் எழுதினேன். குன்றக் கூறல் என்னும் குற்றத்துக்கு அது தக்க எடுத்துக்காட்டு. எந்தப் பதிப்பு, யாது உள்ளிட்டீர், யாது எதிர்பார்த்தீர், யாது வந்தது என்று வினாக்கள் திரும்பி வந்தன. விடை தேடப் புகுந்தபின்னரே உண்மை புலனாயிற்று.

யூனிகோட்டிற் கொ என்னும் எழுத்தை இருவகையாக எழுதலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்ப்பது ஒன்று. யூடிஎஃப்-8 முறையில் அது 6 பைட்டு. ககரம், ஒற்றைக் கொம்பு, அரவு என மூன்றாக வைப்பது மற்றொன்று. அது 9 பைட்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பாமினி எழுத்துருவிற் கொம்பு, ககரம், அரவு என மூன்று விசைகளால் அடித்த பழைய பட்டியலை யான் மாற்றியபோது, மாற்றி நிரல் கொம்பை இடம் மாற்றியதேயன்றி அரவை அதனோடு இணைக்கவில்லை. ஆகவே பழைய கொட்டாஞ்சேனை வேறு, புதிய கொட்டாஞ்சேனை வேறாயின. வெள்ளவத்தையில் ஒகரம் இன்மையால் அவ்வூரார்க்கு அழைப்புத் தவறவில்லை!

இவ்விவரத்துடன் மீண்டும் எழுதினேன். "பைட்டுகளை ஒப்பிடுவதே எம் நோக்கம், ஆகவே இது வழுவன்று, புதுவசதி வேண்டுகோள்" என்று மறுமொழி வந்தது. அன்றியும், வேறொருவர் முன்னரே கேட்டிருந்தமையாற் கூறியது கூறலாக என் முறைப்பாட்டை அதனோடு இணைத்துவிட்டனர். முதலிற் சினந்தேன், பின்னர் அவர் கூற்று நேரியதென உணர்ந்தேன். பைட்டு ஒப்பீடு விரைவானது. அதனை எல்லார்க்குமாக மாற்றின் பிறர் பணி கெடும். வேண்டுவோர் தெரிந்தெடுக்கும் வசதியாக அளிப்பதே முறை. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் அவ்வழியே சென்றது. 2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பு இவ்விரு வடிவங்களையும் சமமெனக் கொள்ளும் ஒப்பீட்டு முறைக்கு இடமளித்தது. 2020இன் 13ஆம் பதிப்பு எழுத்துகளை ஒரே வடிவாக்கும் செயலியையும் தந்தது.

யானும் பட்டியல் முழுவதையும் ஒரே வடிவாக்கினேன். எனினும் கௌரி என்பதற்குக் கெளரி என, ஔகாரக் குறிக்குப் பதில் ளகர எழுத்தையே இட்டு அடித்த பெயர்கள் அதனால் திருந்தவில்லை. அவை உண்மையிலேயே வேறெழுத்துகள். இணைக்கச் சொல்லும் விதி யாதுமில்லை. அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணாற் பார்த்தே மாற்றிக்கொண்டிருக்கின்றேன்.