கோல நோட்டை வீட்டாரோடு எழுது



தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரத்தில் கோலம் போட்டுத் தர உன்னைத் தேடி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மிகுந்த மகிழ்ச்சி. இன்னும் எதைப் பழக வேண்டும் என்று கேட்டிருந்தாய். கை உனக்கு நன்றாகவே வருகிறது. நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: உன் குடும்பத்துக் கோலங்களை வீட்டாரோடு உட்கார்ந்து எழுதி வை.

ஊரில் மண் வாசல் வைத்த வீட்டில் பெரும்பாலான கோலங்களை எழுதி வைக்கத் தேவையே இருக்கவில்லை. விடிந்தால் வாசல் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். நேற்றுப் போட்டது கையிலேயே இருக்கும். மார்கழிக்குப் பெரிய கோலம் தேடும்போதுதான் நோட்டை எடுப்பார்கள். இங்கே நமக்கு அப்படியில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் வாசல் என்பது பொது நடைபாதை. காலையில் எம்ஆர்டி ரயில் பிடிக்க ஓடுகிற வீட்டில் கோலம் பண்டிகைக்குப் பண்டிகைதான். பொங்கல் போனால் தீபாவளி வரப் பல மாதம். மறதி அந்த இடைவெளியில்தான் நுழைகிறது. பாட்டி யோசிக்காமல் போட்ட சிக்குக் கோலத்தில் பாதி அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்ததில் பாதி பிள்ளைகளுக்கு வராது. ஊரில் அன்றாடப் பழக்கம் செய்த வேலையை இங்கே நோட்டுதான் செய்ய வேண்டும்.

கைப்பேசியில் படம் இருக்கிறதே என்பாய். படத்தில் முடிந்த கோலம் இருக்கும். கை போன வழி இருக்காது. சிக்குக் கோலத்துக்கு அந்த வழிதான் உயிர். எந்தப் புள்ளியில் தொடங்கி, எங்கே வளைத்து, எந்த இழையைத் தாண்டினால் கோடு கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் என்பதைப் படத்தை மட்டும் பார்த்துப் பிடிப்பது பழகிய கைக்கே சிரமம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியோடும் கமலா கிருத்திவாசனோடும் சேர்ந்து 1974-இல் கோலத்தைக் கணினி இலக்கணமாக வகுத்துக் கட்டுரை எழுதினார். சில விதிகளை வரிசையாகப் பின்பற்றினால் கோலம் பிறக்கும் என்று அது காட்டியது. உன் பாட்டி 'இங்க சுத்து, அங்க விடு, திரும்பி வா' என்று சொல்வதும் அந்த விதிகளைத்தான். அவர் சொல்வதை எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

எப்படி எழுதுவது என்பதற்கு என் அம்மாவின் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு. பென்சிலில் புள்ளி, நீலப் பேனாவில் இழை. தலைப்பில் 'ஊடுபுள்ளி 7-4'. அதாவது நடு வரிசையில் 7, மேலும் கீழும் 6, 5, 4 என்று குறைந்துகொண்டே போகும். மொத்தம் 37 புள்ளி. இழை கிளம்பும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. ஓரத்தில், 'பெரியத்தை சொல்லிக் கொடுத்தது, வளைகாப்புக்குப் போட்டோம்' என்று ஒரு வரி. புள்ளிக் கணக்கு, தொடக்கம், சொல்லிக் கொடுத்தவர், போட்ட நாள்: இந்த நான்கும் இருந்தால் அந்தப் பக்கம் கோலத்தையும் காக்கும், உறவையும் காக்கும். பெரியத்தையைப் பார்த்தேயிராத பிள்ளைகளும் இன்று எங்கள் வீட்டில் அதைப் 'பெரியத்தை கோலம்' என்றே சொல்கிறார்கள்.

வீட்டில் எல்லாருக்கும் ஒரு வேலை கொடு. பொங்கல் சமயம் வடகிழக்குப் பருவமழை ஓயாது. திறந்த நடைபாதையில் கோலப்பொடி காற்றில் பறந்துவிடும். மாக்கோலம்தான் நிற்கும். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்துப் பால்போலக் கரைப்பதை அப்பாவோ அண்ணனோ செய்யட்டும். சிறு துணியை அதில் நனைத்து விரல்களுக்குள் வைத்து அழுத்தினால் மோதிர விரல் வழியாக மாவு இறங்கும். ஈரத்தில் கோடு மங்கலாகத்தான் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். 'ஒன்றும் தெரியவில்லையே' என்று அவசரப்படும் பிள்ளையிடம் கொஞ்சம் பொறு என்று சொல். காவிக் கரை கட்டும் வேலையை அதற்குக் கொடுத்துவிடு. அண்டை வீட்டார் நடந்துபோக வழி விட்டுப் போடு. அவர்கள் நின்று கேட்டால் ஒரு புள்ளியாவது வைக்கச் சொல்.

கிருஷ்ண ஜெயந்தியை வீட்டுச் சின்னஞ்சிறுசுகளிடமே விட்டுவிடு. கையை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றி, மேலே ஐந்து விரல் புள்ளி வைத்தால் கண்ணன் பாதம். அதே கையை வாட்டர் கலரில் தோய்த்து நோட்டிலும் ஒற்றி, பெயரையும் ஆண்டையும் எழுதிவிடு. ஆண்டுக்கு ஒரு பக்கம் போதும். பிள்ளை வளர்வதைக் கண்ணன் பாதத்திலேயே பார்க்கலாம்.

நம் நாட்டில் கோலம் பெரிய அரங்கும் ஏறியிருக்கிறது. 2003 ஆகஸ்டில் வாம்போ சமூக மன்றத்தில் விஜயலட்சுமி மோகன் 2,756 சதுர மீட்டரில் போட்ட ரங்கோலி கின்னஸ் சாதனையானது. 2023 பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் சுதா ரவியும் மகள் ரக்ஷிதாவும் 26,000 ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, 6 மீட்டருக்கு 6 மீட்டரில் தமிழ்ப் புலவர்களின் உருவங்களை அமைத்துச் சிங்கப்பூர்ச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார்கள். ஒரு மாத உழைப்பு அது. அந்த ஒரு மாதமும் அம்மாவும் மகளும் ஒரே வேலையில் உட்கார்ந்திருந்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நீயும் பெரிதாகப் போடு, சாதனை செய். அதற்கான துணையை உன் வீட்டிலிருந்தே தொடங்கு.

தேக்காக் கடைகளில் விற்கும் கோல ஸ்டிக்கரையும் அச்சையும் குறை சொல்லாதே. முட்டி வலிக்கும் அம்மாவுக்கும் இரவு வேலை முடிந்து வருபவருக்கும் அவை வாசலை வெறுமையாக விடாமல் காக்கின்றன. அந்த வீட்டார் உன்னை அழைத்தால், அவர்கள் குடும்பத்தில் முன்பு என்ன கோலம் போட்டார்கள் என்று முதலில் கேள். யாருக்காவது நினைவிருந்தால், உன் புதுக் கோலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அதைப் போட்டுக் கொடு. தாளில் வரைந்து, தொடங்கும் இடத்தைக் குறித்து, அவர்கள் கையிலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வா. கூலிக்குப் போடும் கோலம் மறுநாள் பெருக்கினால் போய்விடும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர்களே அடுத்த ஆண்டு போடுவார்கள். ஒரு வாடிக்கை குறையுமே என்று கலங்காதே. கோலம் போடத் தெரிந்த வீடுகள் கூடினால்தான் நம் கலைக்கு இந்த ஊரில் எதிர்காலம்.

இந்த வாரமே கடையில் ஒரு நோட்டு வாங்கு. மார்கழி வரும்வரை காத்திருக்காதே. ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தை அவர் சொல்லச் சொல்ல எழுது. பென்சிலைத் தம்பி கையில் கொடு.