கண்ணாடி இழையும் ஊராட்சியும்

ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் பணி 2011-ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்று, 2015 முதல் பாரத்நெட் எனப் பெயர் கொண்டது. இழை ஊருக்கு வந்தால் மட்டும் போதாது. அறுபடாமலும் இருத்தல் வேண்டும். மின்னணு வேளாண் சந்தையில் ஏலம் நடக்கையில் இணைப்பு நின்றால், வெளியூர் வியாபாரி விலை கூற இயலாது. எதிரே நிற்கும் இருவர் மூவர் சொல்வதே விலையாகிவிடும்.

குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுகையில் இழை அறுந்தால், மயிரிழை போன்ற அதனை ஒட்டத் தனிக் கருவியும் பயின்ற ஆளும் வரவேண்டும். தோண்டுமுன் இழைக்குரியோருக்கு அறிவிக்கவே, 'கால் பிஃபோர் யூ டிக்' என்னும் செயலி 2023 மார்ச்சில் தொடங்கப்பட்டது. ஊராட்சியின் வேலை உத்தரவுகளில் இதனை நிபந்தனையாகச் சேர்த்தல் நலம் என்பது நம் கருத்து.

மின்சாரம் நின்றால் இணைப்புக் கருவியும் நிற்குமாதலால், அதன் பாட்டரியை மாதந்தோறும் சோதிக்க வேண்டும். கருவி இருக்கும் அறையின் சாவி யாரிடம் உள்ளதென்பதையும் உறுப்பினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.